பீரோவுக்குப் பின்னால் இணையதளம்

இணையதளத்தைப் பீரோவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தாயிற்று.

“தும்மக் கூடாது, இருமக் கூடாது. அதிகாரி பட்டனைத் தட்டுனதும் படிக்கணும். புரிஞ்சுதா?” என்றார் செயல் அலுவலர் மலைச்சாமி.

“சரிங்க சார்” என்றது இணையதளம். அதன் பெயர் சௌந்தர்யா. பூசாரிகுளம் பேரூராட்சி அலுவலகத்தில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்.

விஷயம் இதுதான். பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி பேரூராட்சி இணையதளம் தன்னைத்தானே வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதற்குப் பணமும் வந்தது. ஒப்பந்தக்காரர் ஆனந்த்ராஜ் பில் போட்டார், மலைச்சாமி கையெழுத்துப் போட்டார், இரண்டு பேருமாகப் பங்கு போட்டார்கள். வேலை மட்டும் நடக்கவில்லை. மலைச்சாமியின் பங்கில் பேரனுக்குக் காதுகுத்து ஜாம்ஜாமென்று நடந்தது. ட்ரோன் வைத்து வானத்திலிருந்து ரோஜா இதழ் தூவினார்கள்.

இப்போது திடுதிப்பென்று ஆய்வு. மலைச்சாமிக்கு இந்த மாதக் கடைசியில் ஓய்வு. குட்டு வெளிப்பட்டால் பென்ஷனுக்கே உலை.

ஆனந்த்ராஜ்தான் யோசனை சொன்னார். “வர்ற அதிகாரி அருள்நாதனுக்குப் பிறவியிலேயே கண்ணு தெரியாது சார். கம்ப்யூட்டர் படிச்சா என்ன, நம்ம சௌந்தர்யா படிச்சா என்ன? குரலைத்தான கேக்கப் போறாரு?”

‘நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று போனில் சொல்வார்களே, அந்தக் குரல் சௌந்தர்யாவுக்கு அச்சு அசலாக வரும். வேலையை நிரந்தரமாக்குவதாக மலைச்சாமி ஆசை வேறு காட்டியிருந்தார். இணையதளப் பக்கங்களை அச்செடுத்து அவள் மடியில் வைத்தார்கள். தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று போடும் சத்தத்தில் தாள் புரட்டுவது வெளியே கேட்காது.

வெள்ளைக் கைத்தடியோடு அருள்நாதன் வந்து கம்ப்யூட்டர் முன் அமர்ந்தார். விசைப்பலகையைத் தடவி ஒரு பட்டனைத் தட்டினார்.

“முகப்புப் பக்கம். பூசாரிகுளம் பேரூராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது. மேலும் விவரங்களுக்குச் செயல் அலுவலரை அணுகவும்.”

அருள்நாதன் தலையைத் திருப்பினார். “சத்தம் அங்கிட்டு இருந்துல்ல வருது?”

“ஸ்பீக்கர் பீரோவுக்குப் பின்னாடி இருக்குங்கய்யா. வெளிய வச்சா எலி வயரைக் கடிச்சிருது” என்றார் மலைச்சாமி.

அடுத்த பட்டன். சொத்து வரி. அதற்கடுத்து குடிநீர் இணைப்பு. சௌந்தர்யா பிசிறில்லாமல் படித்தாள். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் மேலும் விவரங்களுக்குச் செயல் அலுவலரை அணுகச் சொன்னாள். மலைச்சாமிக்கு வியர்த்துக் கொட்டியது. அருள்நாதனும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். உடனே ஆனந்த்ராஜ் மேஜையிலிருந்த ஃபைலை எடுத்து அவருக்கு விசிற ஆரம்பித்தார். அதிகாரிகளைக் குளிர வைக்க ஒப்பந்தக்காரருக்குச் சொல்லியா தர வேண்டும்?

“போன மாசம் ட்ரோனுக்குப் புது விதி போட்டீங்களாமே. அதைக் கேப்போம்” என்றார் அருள்நாதன்.

மலைச்சாமிக்குப் பகீரென்றது. அந்தப் பக்கத்தை அச்செடுக்கவே இல்லை. பீரோவுக்குப் பின்னால் தாள்கள் பரபரவென்று புரள்வது நன்றாகவே கேட்டது.

“அது என்ன சத்தம்?”

“எலிங்கய்யா.”

தேடிப் பார்த்த சௌந்தர்யா தாள்களை மூடி வைத்துவிட்டாள். விதி தெரியாவிட்டால் என்ன, ட்ரோன் அவளுக்குத் தெரியும். அந்தக் காதுகுத்துப் பந்தியில் அவள் இலையில்தான், கறிச்சோற்றின் மேல், கொத்தாக ரோஜா இதழ் விழுந்தது. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

“ட்ரோன் விதிகள்” என்றது இணையதளம். “விதி ஒன்று. அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கக் கூடாது. விதி இரண்டு. பந்திக்கு மேல் பறக்கவே கூடாது. விதி மூன்று. கறிச்சோற்றில் பூ விழுந்தால் விசேஷ வீட்டார் வேறு இலை போட்டு, முதலில் இருந்து பரிமாற வேண்டும். செயல் அலுவலர் வீட்டு விசேஷமானாலும் விலக்கு கிடையாது. மேலும் விவரங்களுக்குச் செயல் அலுவலரை அணுகவும்.”

மலைச்சாமி இருமினார். ஆனந்த்ராஜ் இன்னும் வேகமாக விசிறினார்.

“பிரமாதமான விதி” என்று அருள்நாதன் எழுந்தார். “எத்தனையோ ஊரு வெப்சைட்டைக் கேட்டுட்டேன். இம்புட்டு உசிரோட எதுவும் படிச்சதில்ல. ரிப்போர்ட்ல கட்டாயம் எழுதுவேன்.”

மலைச்சாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பென்ஷன் பிழைத்தது! “ஆனந்து, ஐயாவுக்கு மட்டன் பிரியாணி சொல்லுப்பா, ஸ்பெஷலா!” என்று கூவினார்.

“அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம்” என்றார் அருள்நாதன், கைத்தடியை விரித்தபடி. “நான் வந்து உக்காந்த செத்த நேரத்துல கரன்ட் போயிருச்சு. ஃபேன் நின்னுபோயி, இவரு பாவம் கை வலிக்க விசிறிக்கிட்டு இருக்காரு. உங்க வெப்சைட் மட்டும் நிக்காமப் படிக்குதே, அது எதுல ஓடுது?”

மலைச்சாமி அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். ஆனந்த்ராஜ் தன் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். கரன்ட் போனால் கை தானாக ஃபைலைத் தேடிப் பழகிவிட்ட ஊர்; அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. கம்ப்யூட்டர் திரை எப்போதோ கறுத்துப் போயிருந்தது.

பதில் பீரோவுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது: “பேட்டரியில் இயங்குகிறது. மேலும் விவரங்களுக்குச் செயல் அலுவலரை அணுகவும்.”