ரெண்டும் ஓடும்

கரண்ட் போனது.

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

இன்வெர்ட்டர் கத்தவில்லை.

திரையில் இன்னும் கட்டப்படாத ஒரு வீடு. அதன் கூடத்தில் வெயில் விழும் காட்சி கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிக்கொண்டிருந்தது. பல்லடத்து வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, யாரோ வாங்கப்போகும் வீடுகளுக்கு வெயில் கொண்டுவருவதுதான் அவள் பிழைப்பு.

பக்கத்து அறையில் மாமனாரின் ஆக்ஸிஜன் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

கம்ப்யூட்டருக்குப் புது பிராசசர் வந்தபின் இதுதான் முதல் கரண்ட் கட்.

பழையது அசுரன். முழு வேகத்தில் ஓடினால் அது மட்டுமே இருநூற்றைம்பது வாட் தின்னும். கூடவே ஆக்ஸிஜன் மெஷினும் ஓடினால் இன்வெர்ட்டர் தாங்காமல் கத்தும். ஆனால் என்ன அதிசயமோ, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். அருமையான இன்வெர்ட்டர் என்று அவள் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம், கத்தல் அடங்கியதும் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

மாமனார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மெஷின் நின்றிருந்தது. சுவிட்சின் மேல் அவர் கை. உதடு நீலம் பாரித்திருந்தது.

மாட்டிக்கொண்ட சிரிப்பு சிரித்தார்.

"உன்ற வேலை பாதியில நின்னு போயிருமல்ல, அம்மிணி."

ஒவ்வொரு முறையும் அவர்தான் அணைத்திருக்கிறார்.

அவள் மெஷினைப் போட்டுவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு கரண்ட் போனால் யார் தன்னுடையதை முதலில் அணைப்பது என்று இருவருக்கும் போட்டி. பாதி நாள் அவர்தான் ஜெயித்தார்.

பெரிய இன்வெர்ட்டர் இப்போதைக்கு எட்டாது. பெரிய பிராசசர் ஒன்று வாங்கத்தான் பணம் சேர்த்திருந்தாள். மறுபடியும் ஒப்பிட ஆரம்பித்தாள். யூடியூபில் எல்லோரும் வேகத்தையே அளந்தார்கள். அவள் வாட்டை மட்டும் பார்த்தாள். அதே விலையில், நூற்றிருபது வாட்டில் ஒன்று இருந்தது. ஓட்டம் கொஞ்சம் மட்டு.

கூட வேலை பார்க்கும் தாரகை தலையில் அடித்துக்கொண்டாள். "அதே காசுக்கு மெதுவா ஓடறதையா வாங்குவாங்க?"

வாங்கினாள்.

இப்போது எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள்.

மாமனாரின் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. இன்வெர்ட்டர் ஏன் இன்னும் கத்தவில்லை என்று காது கொடுத்துக் காத்திருந்தார்.

"கையை எடுங்க மாமா. ரெண்டும் ஓடுமுங்க."

அவர் நம்பவில்லை. தன் மெஷினைக் கேட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கம்ப்யூட்டரைக் கேட்டார். வெகு நேரம் கேட்டார்.

பிறகு விரலை எடுத்தார்.

எடுத்த விரல் சும்மா இருக்கவில்லை. பக்கத்து சுவிட்சுக்குப் போய் ஃபேனை நிறுத்தியது.

சித்திரை வெக்கை. அவர் நெற்றியில் வேர்வை அரும்ப ஆரம்பித்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு திருப்தி.

அவள் வாதாடவில்லை. இந்த மனிதரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. இவருக்கு மருமகளாக வந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்றும் தெரியவில்லை.

பிராசசரோடு சேர்த்து வாங்கிய மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மூடியில்தான் அவர் மாத்திரைகளை வைத்திருந்தார். மாத்திரைகளை எடுத்து ஜன்னலில் வைத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த மூடியால் அவருக்கு விசிற ஆரம்பித்தாள்.

அவள் அறையில், திரைக்குள், யாரோ வாங்கப்போகும் வீட்டுக்கு வெயில் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

வரட்டும்.