மாப்பிள்ளையின் நடிப்பு

"உங்களுக்குக் கார் ஓட்டவே தெரியாது, மாப்ளே. அது மட்டும் ஞாபகத்துல இருக்கட்டும்," என்றார் வீரமுத்து.

"சரி மச்சான்."

"சிங்கப்பூர்ல ஓட்டின பழக்கத்துல கையைக் காலை வேகமா வச்சிராதீங்க. துவான் கண்டுபிடிச்சா என் பொழப்பே போச்சு."

"தெரியாத மாதிரியே இருக்கேன்," என்றான் செல்லப்பன்.

மலாயாவில் பத்து பாகாட் ஊரில், திடலோரம் காரை நிறுத்திவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம். வீரமுத்து பன்னிரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். பஸ் முதலாளியான சீனத் தவுக்கே புதிதாக ஆறு பஸ் வாங்கியிருந்தார். ஆட்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு வாத்தியார் வேண்டும். வாத்தியாருக்கு லைசென்ஸ் வேண்டும்.

லைசென்ஸ் கொடுக்கிற மலாய்க்கார அதிகாரியான துவான் வைத்திருந்த சோதனை ஒன்றே ஒன்றுதான். ஸ்டீரிங்கைத் தொட்டே அறியாத ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும். அவர் கண்ணெதிரே அவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஆள் திடலை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும்.

வீரமுத்து இரண்டு தடவை தோற்றாகிவிட்டது. முதல் ஆள் செம்பருத்தி வேலிக்குள் போய் நின்றான். இரண்டாவது ஆள் ஓடுகிற காரிலிருந்து குதித்து நேரே வீட்டுக்குப் போய்விட்டான். "நீ சொல்லிக் கொடுக்கவில்லை, திட்டுகிறாய்," என்றுதான் துவான் இரண்டு தடவையும் சொன்னார். இந்தத் தடவையும் போனால் தவுக்கே மலாக்காவிலிருந்து வேறு ஆளைக் கொண்டு வருவார். அவன் இளசுகளைத் தயார் பண்ணிவிட்டால், வயசான டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்?

அதனால் வீரமுத்து இந்த முறை யாரையும் நம்பவில்லை. ஓட்டத் தெரிந்தவனையே கூட்டி வந்துவிட்டார். தங்கை ராஜம்மாவைக் கட்டி இரண்டு மாதம்தான் ஆகிறது செல்லப்பனுக்கு. லாபிஸ் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. சிங்கப்பூரில் டிரைவர் வேலை என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தான். டிரைவருக்குத்தான் தங்கையைக் கொடுப்பேன் என்று வீரமுத்துவும் ஒற்றைக் காலில் நின்றார்.

நேற்று ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்போமா என்று வீரமுத்து கேட்டதற்கு, "யாராச்சும் பார்த்து துவான்கிட்ட சொல்லிட்டா என்ன பண்றது, மச்சான்?" என்று கேட்டான். புத்திசாலி மாப்பிள்ளை என்று வீரமுத்து நினைத்துக்கொண்டார்.

துவான் வந்தார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. அது ஒரு வசதி.

"எடுங்க மாப்ளே."

கார் ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி குதித்து நின்றது. மூன்றாவது தடவை பின்னால் போனது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் வீரமுத்து, வாயை அசைக்காமல். "ஆனா போதும்."

"எதை மிதிக்கணும் மச்சான்?"

"அலமாக்! நடிச்சது போதும்னு சொல்றேன் மாப்ளே."

"கால் நடுங்குது மச்சான்."

நிஜமாகவே நடுங்கியது. வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. இத்தனை நன்றாக நடிக்கிறவன் வீட்டில் ராஜம்மாவிடம் என்னென்ன நடிக்கிறானோ என்று வீரமுத்துவுக்கு ஒரு சந்தேகம் வந்து போனது.

"இருபது நிமிஷம் ஆயிற்று," என்றார் துவான் மலாயில்.

வேறு ஆளாக இருந்தால் வீரமுத்து அவன் அப்பன் பாட்டன் வரைக்கும் போயிருப்பார். தங்கை புருஷனை அப்படித் திட்ட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"மாப்ளே, இடது காலுக்குக் கீழ இருக்கறது கிளட்ச். தோட்டத்துல ரப்பர் பால் வாளி தூக்கியிருக்கீங்கல்ல?"

"தூக்கியிருக்கேன்."

"சிந்தாம எப்படி இறக்கி வைப்பீங்க? அந்த நிதானத்துல காலை எடுங்க. அவசரமே இல்ல."

கார் குதிக்காமல் நகர்ந்தது.

"காலடியப் பார்க்காதீங்க. தூரத்துல அந்த மரத்தைப் பாருங்க. கை தானா அங்க போகும்."

வளைவில் இடது சக்கரம் சாக்கடை விளிம்பைத் தொட்டது. வீரமுத்து கையை நீட்டினார்.

"தொடாதே," என்றார் துவான்.

"மெதுவா வலது பக்கம் திருப்புங்க மாப்ளே. இன்னும் கொஞ்சம். ஆங், நல்லாப் பண்றீங்க." வீரமுத்து அதுவரை யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

கார் திடலைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. ஐம்பத்தெட்டு நிமிஷம்.

துவான் இறங்கினார். "பாகுஸ். மிக நல்லது. இப்போதுதான் நீ வாத்தியார்," என்று சொல்லி, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீரமுத்து அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பெரிய படிப்புப் படிச்ச மனுசன், நல்லா ஏமாந்துட்டான். ஆனா மாப்ளே, சாக்கடைகிட்ட நீங்க பண்ணது ரொம்ப அதிகம். எனக்கு உசிரே போயிருச்சு."

செல்லப்பன் ஸ்டீரிங்கிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை.

"ராஜம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க மச்சான்," என்றான். "சிங்கப்பூர்ல நான் காரு கழுவிக்கிட்டு இருந்தேன். ஓட்டினது இன்னைக்குத்தான், நீங்க சொல்லிக் குடுத்து."