கிழிந்த பாய்

ரூவி கடைத்தெருவில் எல்லோரும் ‘பாய்’ என்று கூப்பிடும் தையல்காரர் அஸீமுக்குப் பொறுமை போயிற்று. சொட்டச் சொட்ட நனைந்த அந்த ஆள் இன்றும் கடைக்கு வந்துவிட்டான்.

“பாய் கிழிஞ்சுபோச்சு. தைக்கணும்.”

“நான் சட்டை தைக்கிறவன். படுக்குற பாயெல்லாம் தைக்க மாட்டேன்னு எத்தனை தடவை சொல்றது?”

“கப்பல் பாய். பாறை கிட்ட வந்துருச்சு, திருப்ப முடியல. ஆளுக அலறுறாக.”

“இந்தக் காலத்துல பாய்க்கப்பலா? உசுர வாங்காத. கொண்டாந்து போட்டுத் தொலை!”

மறுநாள் காலை, பூட்டியிருந்த ஷட்டரைத் திறந்தார். காற்றே இல்லாத கடைக்குள் ஈரப் பாய் ஒன்று கூரைவரை புடைத்து நின்றது. தையல் மிஷின்கள் ஒருபக்கமாகச் சரிந்தன. கிழிசலுக்கு அப்பாலிருந்து பல குரல்கள் கதறின.

“பாய்! சீக்கிரம், பாய்!”

அஸீம் இழுப்பறையைக் கவிழ்த்துத் தேடினார். இருந்ததெல்லாம் சட்டைப் பொத்தான் தைக்கிற ஊசிதான்.