குழாயைத் திறந்த ஒரே ஆள்

விமான நிலையத்தில் குடிதண்ணீர் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று திட்டம் போட்டவன் அவன். இன்று அதற்கு ஒத்திகை. தேறினால்தான் வேலை நிரந்தரம். முடிந்ததும் அக்காவுக்குப் போன் போட்டான்.

"என்னடா ஆச்சு? சீக்கிரம் சொல்லு!"

"'குழாய்த் தண்ணி குடிக்காதீங்க'ன்னு மைக்ல சொன்னதும் அத்தனை பயணிகளும் கேட்டாங்கக்கா. ஒருத்தன் மட்டும் குழாயைத் திறந்து மடக்மடக்னு குடிச்சுட்டான்."

"எந்த மடையன்டா அவன்? காது செவிடா?"

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பதட்டத்துல நாக்கு வறண்டு ஒட்டிக்கிச்சாம். ஆனா, ஓடியாடி வேலை பாக்குறவங்களுக்குத் தண்ணி பாட்டில் குடுக்கத் திட்டத்துல மறந்தது அவனாலதான் தெரிஞ்சுது. மேலதிகாரி விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, வேலையை நிரந்தரமாக்கிட்டாரு."

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யாருக்குடா? உனக்கா, அந்த மடையனுக்கா?"

"ரெண்டும் ஒரே ஆளுதான்க்கா."