வேலி தாண்டிய பந்து

"வயசாச்சேன்னு பரிதாபப்பட்டு மெதுவா ஒண்ணு போட்டுடாதே. அன்னைக்குப் போட்டியே, அதையே போடு" என்றார் சைரஸ் பெட்வே.

பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த ரூஃபஸ் கையார்ட் சிரித்தார். "அன்னைக்கே உன்னால தொட முடியல. இன்னைக்கு மட்டும் கிழிச்சிடப் போறியா?"

"கிழிக்கிறேனா இல்லையான்னு பாரேன்."

கன்சாஸ் சிட்டியில் ஜூலை வெயில் தணியத் தொடங்கியிருந்தது. பெரிய பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால் பழைய நட்சத்திரங்கள் கொஞ்ச நேரம் ஆடிக் காட்டுவதாக ஏற்பாடு. அரங்கம் நிரம்பி வழிந்தது. கறுப்பர்களைப் பெரிய லீக்கில் சேர்க்காத காலத்தில், அவர்களுக்கென்று இருந்த தனி லீக்கில் இவர்கள் இருவரும் ராஜாக்கள். ரூஃபஸ் எறிந்தால் பந்து தோளுக்கு வருவதுபோல் வந்து காலடியில் விழும் என்பார்கள். சைரஸ் அடித்தால் பந்தைத் தேடிப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும் என்பார்கள்.

ஆனால் ஒரு வருடம், கடைசி ஆட்டத்தில், கோப்பைக்கு ஒரே ஒரு அடி மிச்சமிருந்தபோது, ரூஃபஸ் எறிந்த பந்தை சைரஸ் கோட்டை விட்டார். மட்டை காற்றைத்தான் வெட்டியது. அதற்குப் பிறகு அந்தப் பந்து அவருடைய தூக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. மனைவி ஒடெஸ்ஸா உயிரோடு இருந்தவரை, அவர் திடுக்கிட்டு விழிக்கும்போதெல்லாம், "மறுபடியும் அதேவா?" என்று கேட்டு முதுகைத் தடவிக் கொடுப்பாள்.

"எனக்கும் அது கனவுல வரும்டா" என்றபடி எழுந்தார் ரூஃபஸ். "ஆனா என் கனவுல நீ அடிச்சிடுவே."

சைரஸ் சட்டென்று திரும்பிப் பார்த்தார். ரூஃபஸ் அதற்குள் மைதானத்தில் இறங்கிவிட்டார்.

நடுவிலிருந்த மண்மேட்டில் ஏறி நின்று ரூஃபஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவருடைய கால் உயர்ந்தது. கை சுழன்று வந்தது.

சைரஸின் கண்ணுக்கு அது மெல்ல வந்தது. புல்லுக்கு மேலே மிதந்து, சிவப்புத் தையல் சுழலச் சுழல, தோளுயரத்துக்கு வந்து, பிறகு வளைந்து இறங்கியது. இந்த இடம்தான். இந்த இடத்தில்தான் எப்போதும் விழிப்பு வரும்.

விழிப்பு வரவில்லை. அவர் மட்டையைச் சுழற்றினார். உள்ளங்கை ஜிவ்வென்று அதிர்ந்தது.

ரூஃபஸ் திரும்பி வானத்தைப் பார்த்தார். அவரோடு சேர்ந்து மொத்தக் கூட்டமும் அண்ணாந்தது. தூரத்தில் நின்ற லியாண்டர் என்ற இன்னொரு கிழவர் தட்டுத்தடுமாறிப் பின்னால் ஓடி, வேலியில் முதுகு முட்ட, கையுறையை உயர்த்தி எம்பினார். பிறகு கையைத் தொங்கவிட்டு, போய்விட்டது என்பதுபோல் தலையை ஆட்டினார். அரங்கம் அதிர்ந்தது.

சைரஸால் ஓட முடியாது. நான்கு முனைகளையும் ஒவ்வொன்றாக மிதித்து, நடந்தே சுற்றி வந்தார். கடைசி முனையில் ரூஃபஸ் காத்திருந்தார்.

"வேணும்னே விட்டுக் குடுத்தியா?"

"நான் எறிஞ்சதுலயே நல்ல பந்துடா அது. லியாண்டராலயே பிடிக்க முடியல, பாத்தேல்ல?"

சைரஸ் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

நடுவர் ஒரு பெட்டியோடு வந்தார். "பெரியவங்க கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா? மேட்ச் ஆரம்பிக்கணும்" என்று சொல்லி, பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைப் பந்தை வெளியே எடுத்தார்.

எங்காவது பட்டுவிட்டால் வயதான உடம்பு தாங்காது என்று டாக்டர்கள் தடுத்திருந்ததால், கிழவர்கள் அத்தனை பேரும் வெறுங்கையால் எறிந்து, வெறும் காற்றை அடித்துத்தான் ஆடிக் காட்டியிருந்தார்கள். அன்று அந்த மைதானத்துக்குள் வந்த முதல் பந்து அதுதான்.