பாம்புக் காது

இரண்டு அரசாங்கங்களும் முறைத்துக்கொண்டு எல்லைக் கதவைப் பூட்டிய நாளிலிருந்து, இந்தப் பக்கத்து ஆங்கில ஊருக்கும் அந்தப் பக்கத்து ஸ்பானிய ஊருக்கும் நடுவே ரகசியம் என்று ஒன்று கிடையாது. சொந்தபந்தமெல்லாம் கம்பிவேலிக்கு வந்து கத்தித்தான் பேச வேண்டும். யார் மாசமாயிருக்கிறாள், யார் புருஷன் குடித்துவிட்டு விழுந்தான் என்பதெல்லாம் அக்கம்பக்கத்தார் காதில் தானாக விழும். விழாவிட்டால் நகர்ந்து நின்று கேட்டுக்கொள்வார்கள். குழந்தை பிறந்தால் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவது வழக்கம். அன்று சவப்பெட்டியைத் தூக்கிக் காட்டினார்கள்.

என்கார்னா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் இங்கிலீஷ்காரனைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தபின், அம்மா ஒருநாளும் வேலிக்கு வந்ததில்லை. இன்றுதான் வந்திருக்கிறாள், நாலு பேர் தோளில்.

"லோலா! கடைசியில அம்மா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளாடி?"

அந்தப் பக்கம் தங்கை கையைக் குவித்துக் கத்தினாள். கடற்காற்று அதை அள்ளிக்கொண்டு போனது. மறுபடியும் கத்தினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போய்விட்டாள்.

என்கார்னா திரும்பினாள். "ரொசாரியோக்கா, உங்களுக்குத்தான் பாம்புக் காதாச்சே. என்ன சொன்னா?"

ஊர்வம்பு ஒன்றையும் விடாத ரொசாரியோ, செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாள். "ஒரே காத்துடி. ஒண்ணும் கேக்கலை."

வேலியோரம் நின்ற அத்தனை பேருக்கும் அன்று காது கேட்கவில்லை.