பிரேக்கிங் அப்

"குடி முழுகிப் போச்சு அண்ணே!"

ருபாவின் அறைக் கதவில் காதை வைத்திருந்த சுஹைலா, கூடத்துக்கு ஓடிவந்தாள்.

ஜோர்டானின் இர்பித் நகரக் கடைவீதியில் துணிக்கடையைப் பூட்டிவிட்டு வந்து, மக்லூபா சோற்றுத் தட்டின் முன் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார் நஸ்மி.

"ஒட்டுக் கேக்காதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

"கேட்டதாலதானே தெரிஞ்சுது! உங்க பொண்ணு மாப்பிள்ளைகிட்ட 'பிரேக்கிங் அப்'னு சொல்லிட்டு, போனைப் பட்டுனு வச்சுட்டா."

மாப்பிள்ளை ஃபிராஸ் பிறந்து வளர்ந்ததெல்லாம் மான்செஸ்டர். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். நஸ்மிக்கு அதில் ஒரு வார்த்தை வராது.

"அப்படின்னா?"

"பிரிஞ்சுட்டாங்கன்னு அர்த்தம். கல்யாணம் நின்னு போச்சு! எல்லாம் நீங்க குடுத்த செல்லம். மண்டபம் பிடிச்சாச்சு, ஊரைக் கூப்பிட்டாச்சு. போய் நாலு அறை விடுங்க."

நஸ்மி எழுந்தார். அவர் கோபம் தெருவுக்கே தெரியும். ஏற்றிவிட்ட சுஹைலாவே பயந்துபோய்ப் பின்னால் ஓடினாள்.

கதவைத் தள்ளினார். கட்டிலில் போனும் கையுமாக ருபா.

"யம்மா..." நஸ்மி மெல்ல அவள் அருகே போனார். "பிடிக்கலைன்னா விட்டுத் தள்ளு. ஊர் ஒரு வாரம் பேசும். அப்புறம் அதுக்கு வேற ஆள் கிடைச்சிடும். நீ அழாதே. சாப்பிட வா."

ருபா விழித்தாள். "எதை விட்டுத் தள்ள பாபா?"

சுஹைலா முந்திக்கொண்டாள். "நீதானேடி பிரேக்கிங் அப்னே!"

ருபா சிரித்துவிட்டாள். "ஐயோ அத்தை! போன்ல குரல் விட்டுவிட்டுக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாங்க. லைன் சரியில்லைன்னேன், அவ்வளவுதான்."

"நீயும் உன் இங்கிலீஷும்!" தங்கையை முறைத்தார் நஸ்மி. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "சரி சரி, சோறு ஆறுது."

திரும்பியவரின் சட்டைக் கையைப் பிடித்தாள் ருபா. முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"பாபா... லைன் நல்லாத்தான் இருந்துச்சு. அவர் கண்டபடி திட்ட ஆரம்பிச்சா, கேக்கலைன்னு சொல்லி வச்சிடுவேன். தினமும் இதுதான்." "நீங்க இப்ப சொன்னீங்களே... அது நிஜமா?"

நஸ்மி மகளின் தலையில் கை வைத்தார்.

"சுஹைலா, மண்டபத்துக்காரனுக்குப் போன் போடு. நீ சொன்ன அர்த்தமே இருக்கட்டும்."